பள்ளியில் ஆங்கிலம் நடத்த எந்தப் பட்டம், எந்த வரிசையில்?

உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்த வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் முதலில் சறுக்குவது பெயரில்தான். ‘இடைநிலை ஆசிரியர்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, ஆறு முதல் பத்து வரை நடத்தும் வேலை அதுதான் என்று எண்ணி, பிளஸ் டூ முடித்த கையோடு தொடக்கக் கல்விப் பட்டயத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு வழக்கில் இடைநிலை ஆசிரியர் என்பவர் 1 முதல் 5 வரை நடத்துபவர். 6 முதல் 10 வரை நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர், பள்ளியில் பி.டி. அசிஸ்டென்ட் என்பார்கள். 11, 12 வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர், அதாவது பி.ஜி. அசிஸ்டென்ட். இந்த மூன்றில் எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் கல்லூரி விண்ணப்பத்தையே தொட வேண்டும்.

பட்டதாரி ஆசிரியருக்கு வேண்டியது மூன்று ஆண்டு பி.ஏ. ஆங்கிலம், இரண்டு ஆண்டு பி.எட்., டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். முதுகலை ஆசிரியருக்கு பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்.; டெட் கேட்பதில்லை, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு உண்டு. முதல் வழிக்குப் படிப்பு மட்டும் 5 ஆண்டு, இரண்டாவதற்கு 7 ஆண்டு. வீட்டில் பணம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டிய கணக்கு இது. குறுவைக்கும் சம்பாவுக்கும் கடன் வாங்கும் வீட்டில் இரண்டு ஆண்டு என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

பிளஸ் டூவில் ஆங்கில மதிப்பெண்

பி.ஏ. ஆங்கிலத்துக்கு எந்த குரூப் எடுத்தவரும் சேரலாம். தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கும் தடை இல்லை. ஆனால் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் தவிர்த்த மற்றப் பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் மொத்தத்தை 400-க்குப் பார்த்துத் தரவரிசை போடுகிறார்கள். ஆங்கில இலக்கியத்துக்கு பிளஸ் டூ ஆங்கிலத் தாளில் 100-க்கு வாங்கிய மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். கணக்கில் 95 வாங்கி ஆங்கிலத்தில் 58 வாங்கியவர் இந்தப் பட்டியலில் கீழே போய்விடுவார். ‘லாங்குவேஜ் பாஸ் ஆனால் போதும்’ என்று விடுகிற வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. இந்த ஆசை உள்ள பிள்ளைக்கு அந்தப் பேச்சு ஒத்துவராது.

விண்ணப்பம் இணையத்தில், பெரும்பாலும் மே மாதம், தேர்வு முடிவை ஒட்டியே வரும். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது. தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி அரசு கல்லூரி, பெண்களுக்குக் குந்தவை நாச்சியார் கல்லூரி, கும்பகோணத்தில் அரசு கலைக் கல்லூரி, திருவாரூரில் திரு.வி.க. கல்லூரி, மன்னார்குடியில் ராஜகோபால சுவாமி கல்லூரி எனக் காவிரி டெல்டாப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இடங்கள் இருக்கின்றன. முதல் ஷிப்ட் கிடைக்காவிட்டால் இரண்டாம் ஷிப்டை உதறிவிடாதீர்கள், பட்டம் ஒன்றுதான். கடைசிப் பேருந்து எப்போது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. சேர்ந்த உடனே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

பட்டத்தின் பெயரைப் படியுங்கள்

வழிகாட்டுபவர்கள் பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. பிள்ளைகள் சிக்குவதும் இங்கேதான்.

நம் பல்கலைக்கழகப் பட்டங்கள் ஐந்து பகுதிகளாக இருக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம், எல்லாப் பட்டத்துக்கும் பொது. மூன்றாம் பகுதிதான் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். ஆங்கில ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் மூன்றாம் பகுதியில் ஆங்கிலம் இருந்தாக வேண்டும். ‘பி.காமில் நான்கு செமஸ்டர் ஆங்கிலம் படித்திருக்கிறேன், அதை வைத்து பி.எட். ஆங்கிலம் எடுக்கலாமா’ என்று கேட்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. அது இரண்டாம் பகுதி ஆங்கிலம், செல்லாது.

அடுத்து, பட்டத்தின் முழுப் பெயர். ‘பி.ஏ. ஆங்கிலம்’, ‘பி.ஏ. ஆங்கில இலக்கியம்’ என்றால் கவலை இல்லை. ‘கணினிப் பயன்பாட்டுடன் ஆங்கிலம்’, ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ என்று ஏதாவது ஒட்டு இருந்தால், சேர்வதற்கு முன்பே அந்தப் பெயருள்ள பட்டத்துக்கு, அதே பல்கலைக்கழகத்தின் பெயரோடு, இணைத்தன்மை அரசாணை, அதாவது அது பி.ஏ. ஆங்கிலத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசாணை, இருக்கிறதா என்று கேளுங்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இந்த அரசாணைகளைப் போட்டிருக்கிறார்கள். கல்லூரியில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று வாயால் சொல்வது சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் எடுபடாது. அங்கே அரசாணை எண்ணைக் கேட்பார்கள்.

மூன்றாவது, வரிசை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற ஒழுங்கில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டம் அரசு ஆசிரியர் வேலைக்கு உதவாது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்துக்கொண்டு ஓராண்டில் கூடுதல் பட்டமாக வாங்கிய பி.ஏ. ஆங்கிலமும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்து, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு தொலைநிலையில் படித்த பி.ஏ. வேறு சங்கதி; அதற்கு மதிப்பு உண்டு.

மதிப்பெண்ணிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இளநிலைத் தாளில் 40 வாங்கினால் தேர்ச்சி. தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்கோ பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. எல்லாத் தாளிலும் தேர்ச்சி பெற்று, அரியர் ஒன்றும் இல்லாமல் பட்டம் வாங்கி, 44 விழுக்காட்டோடு பி.எட். வாசலில் நிற்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவரை உள்ளே விட வழியில்லை. முதல் இரண்டு செமஸ்டரில் இலக்கிய வரலாறும் கவிதையும் பிடிபடாமல் 41, 42 என்று எடுத்துவிட்டால் பின்னால் தூக்கி நிறுத்துவது கடினம். எந்தப் பிரிவானாலும் 55-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கேந்திரிய வித்யாலயா போன்ற இடங்களில் 50 விழுக்காடு கேட்கிறார்கள்; மொத்தத்திலும் வேண்டும், ஆங்கிலத்தில் தனியாகவும் வேண்டும். அதோடு பட்டப்படிப்பின் எல்லா ஆண்டுகளிலும் ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும்.

கல்லூரி நாட்களில் பள்ளிப் புத்தகம்

பி.ஏ.வில் உரைநடை, கவிதை, நாடகம், நாவல், ஷேக்ஸ்பியர், இந்திய ஆங்கில எழுத்து என்று வரும். இவற்றில் ஆசிரியர் ஆகப்போகிறவர் நெஞ்சில் வைத்துப் படிக்க வேண்டியது மொழியியலும் ஒலியியலும். மாணவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கைடு பார்த்து ஒப்பேற்றுகிறார்கள். வலங்கைமானில் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் படித்து, பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அவருடைய ஆங்கில உச்சரிப்பை லண்டன்காரர்களே மெச்சினார்கள். அதே கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த கணிதமேதை ராமானுஜன், ஆங்கிலத்தில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். ஆங்கிலத்தைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லித்தருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரே ஊரில் இரண்டு சாட்சி.

இன்னொன்றும் இப்போதே தொடங்க வேண்டும். டெட் இரண்டாம் தாளில் மொத்தம் 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60, கணிதம்–அறிவியல் அல்லது சமூக அறிவியல். ஆங்கிலப் பட்டதாரிக்குத் தன் பாடத்தில் கிடைப்பது 30தான். அவர் தொட்டே பார்க்காத பாடத்தில் 60. பெரும்பாலோர் சமூக அறிவியலை எடுக்கிறார்கள், அதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் பி.ஏ.வில் துணைப்பாடமாகப் படித்த இங்கிலாந்தின் சமூக வரலாறு இங்கே ஒரு மதிப்பெண்ணுக்கும் ஆகாது. சங்க காலம், சோழர் நிர்வாகம், அரசமைப்புச் சட்டம், மண் வகைகள், பருவக்காற்று என்றுதான் கேட்பார்கள். பி.ஏ. முதல் ஆண்டு கோடை விடுமுறையில் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து, ஆண்டுக்கு இரண்டு வகுப்பாகப் படித்துக்கொண்டே போனால், பி.எட். சேரும்போது 6 முதல் 10 வரை ஒரு சுற்று முடிந்திருக்கும். ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவர்கள் தேர்ச்சிக்கான 90-ஐத் தொடாமல் நின்றுபோவது பெரும்பாலும் இந்த 60-ல்தான்.

பி.எட்.: கல்லூரியைச் சரிபாருங்கள்

கல்வியியல் கல்லூரிக்கு இரண்டு முத்திரை வேண்டும்: தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. இரண்டையும் அந்தந்த இணையதளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரி வாசலில் மாட்டியிருக்கும் பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். டெல்டாவில் அரசுக் கல்லூரி என்றால் ஒரத்தநாடு. புதுக்கோட்டையிலும் ஒன்று இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு இணைய விண்ணப்பமும் கலந்தாய்வும் உண்டு. இடம் குறைவு என்பதால் இளநிலை மதிப்பெண்தான் அங்கே பேசும்.

‘வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும்’, ‘பரீட்சைக்கு மட்டும் வாங்க’ என்று அழைக்கும் இடங்களும் இருக்கின்றன. விதிப்படி வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும். வராமலே வாங்கிய பட்டம் இரண்டு விதத்தில் காலை வாரிவிடும். முதலாவது, அதே இரண்டு ஆண்டுகளில் வேறொரு பள்ளியில் முழுநேரம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்று வைத்திருந்தால், சரிபார்ப்பில் தேதிகள் மோதும். இரண்டாவது, அறுபது பிள்ளைகள் முன்னால் முதல் நாள் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. இதற்காகக் கஷ்டப்படப் போவது அந்த அறுபது பிள்ளைகள். தபால் வழி பி.எட். என்று விளம்பரம் பார்த்தாலும் நில்லுங்கள்: இக்னோ எனப்படும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்தும் பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. புதிதாக பி.ஏ. முடித்தவருக்கு அதில் இடமில்லை.

இரண்டு ஆண்டில் பள்ளிப் பயிற்சிக்கு மட்டும் 20 வாரம். அதற்கு முன் நுண்ணிலைக் கற்பித்தல், எல்லாரும் சொல்வது மைக்ரோ டீச்சிங். ஒரு சுற்று 36 நிமிடம்: கற்பிக்க 6, குறை கேட்க 6, திருத்தி எழுத 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி குறை கேட்க 6. அந்த ஆறு நிமிடத்தில் ஒரே ஒரு திறனைத்தான் காட்ட வேண்டும். அறிமுகம் செய்வது, விளக்குவது, கேள்வி கேட்பது என ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று.

ஆங்கிலத்துக்கு ஒரு மாதிரி. குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டிக்கான சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ‘பின்’தான். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே. அதைத் தப்பு என்று அதட்டாமல், முதலில் ‘பாம்பு’ என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ‘பா’வுக்குத் தொண்டை அதிராது, ‘ம்’முக்குப் பின் வரும் ‘பு’வுக்கு அதிரும். கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கே தெரியும். ஆக இரண்டு ஒலியும் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் சொல்லுக்குள் அது நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்துவிடுகிறது, ஆங்கிலத்தில் பேசுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்து, ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். குண்டூசியைச் சொல்லும்போது மூச்சு தெறித்துத் தாள் ஆட வேண்டும். குப்பைத்தொட்டிக்குத் தாள் சும்மா நிற்க வேண்டும். இதற்கு நான்கு நிமிடம், பிள்ளைகளே மாற்றி மாற்றிச் சொல்ல இரண்டு நிமிடம். பயிற்சி மாணவர்கள் செய்யும் பிழை, ஆறு நிமிடத்தையும் தாங்களே பேசித் தீர்ப்பது. பிள்ளையின் வாய் திறக்காத உச்சரிப்புப் பாடம் பாடமே இல்லை.

பள்ளிப் பயிற்சிக்கு டெல்டாவில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் பள்ளிக்கு விடுமுறை மேல் விடுமுறை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வகுப்புகளைத் தீபாவளிக்கு முன்னே முடித்துக்கொள்ளுங்கள். பாடத்திட்ட நோட்டில் அன்றன்றைக்கே கையொப்பம் வாங்குங்கள். மொத்தமாகக் கடைசியில் நீட்டினால் எந்த ஆசிரியரும் முகம் சுளிப்பார்.

டெட், பிறகு இன்னொரு தேர்வு

தமிழ்நாட்டில் டெட் ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2019-க்குப் பிறகு 2022-ல் அறிவிப்பு வந்தது, அதன் பிறகு 2025 நவம்பரில்தான் நடந்தது. அதனால் பி.எட். இறுதியாண்டில் அறிவிப்பு வந்தால், படித்து முடிக்கட்டும் என்று தள்ளிவைக்கக் கூடாது. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். பொதுப் பிரிவுக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண். மற்றப் பிரிவுகளுக்கான சலுகையை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தேர்ச்சி பெற்றால் சான்று ஆயுள் முழுதும் செல்லும்.

டெட் தேர்ச்சியோடு வேலை வந்துவிடும் என்பது பழைய கதை. 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் முடித்தவர்கள் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அதில் முதலில் தமிழ்த் தகுதித் தாள்: 30 கேள்வி, 50 மதிப்பெண், 20 வாங்க வேண்டும். வாங்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில மீடியத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று 2023-ல் உயர்த்தப்பட்டது. குழந்தைகளை வளர்த்துவிட்டுத் திரும்ப வரும் பெண்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

டெட் இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருந்து, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களுக்கும்கூட டெட் கட்டாயம் என்று சொல்லிவிட்டது.

எம்.ஏ. எப்போது?

முதுகலை ஆசிரியர் தேர்வில் முதன்மைப் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 கேள்விகள். பாட அறிவு பலமாக உள்ளவர்களுக்கு டெட்டைவிட இதுதான் சாதகம். ஆனால் இளநிலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் படித்தவரை அரசுப் பணிக்கு எடுத்துக்கொள்வதில்லை.

எம்.ஏ.வை பி.எட்.டுக்கு முன்னே முடிப்பதா, பின்னேயா? பணக் கஷ்டம் இருந்தால் பி.எட். முதலில், ஐந்து ஆண்டு முடிந்ததுமே தனியார் பள்ளியில் சம்பளம் பார்க்கலாம், எம்.ஏ.வைத் தொலைநிலையில் பிறகு முடிக்கலாம். பணம் தாங்குமென்றால் இலக்கியம் சூடாக இருக்கும்போதே எம்.ஏ.வை முடிப்பதுதான் தேர்வுக்கு உதவும். திருவாரூர் நீலக்குடியில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு மத்திய நுழைவுத் தேர்வு வழியே போகலாம். இரண்டையும் ஒரே ஆண்டுகளில் போட்டுக் குழப்பாதீர்கள். ஒரே காலத்தில் வாங்கிய இரு பட்டங்கள் சரிபார்ப்பில் கேள்வியைக் கிளப்பும்.

தஞ்சாவூர், நாகப்பட்டினம் கேந்திரிய வித்யாலயாக்கள் போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு மாநில டெட் அல்ல, மத்திய அளவிலான தகுதித் தேர்வான சி.டெட் இரண்டாம் தாள் வேண்டும். அதில் முதல் மொழியாக ஆங்கிலத்தையும் இரண்டாம் மொழியாகத் தமிழையும் எடுக்கலாம். காரைக்கால் பிள்ளைகள் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கு வேலை அறிவிப்பு அங்கிருந்து தனியாக வரும், தமிழ்நாட்டு அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சான்றிதழ் கோப்பு

பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயர்தான் அடிப்படை. அதில் ‘க. செல்வி’ என்றும் பட்டத்தில் ‘செல்வி கணேசன்’ என்றும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். கல்லூரியில் சேரும் அன்றே பத்தாம் வகுப்புச் சான்றைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்து. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் முன்னெழுத்தை மாற்றிக்கொள்பவர்கள், படிப்புச் சான்றுகளைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

ஒவ்வொரு பட்டத்துக்கும் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த பட்டியல், தற்காலிகச் சான்று, பட்டமளிப்புச் சான்று நான்கும் வேண்டும். பட்டமளிப்புச் சான்றுக்குப் பணம் கட்டாமல் விட்டுவிட்டு, ஆறு ஆண்டு கழித்து அறிவிப்பு வந்த வாரத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஓடுபவர்கள் நிறைய. விண்ணப்ப அறிவிப்பு வெளியான தேதிக்கு முன்பே தகுதி முடிந்திருக்கிறதா என்பதைத்தான் வாரியம் பார்க்கும். ஒரு தாள் அரியர் பின்னால் முடிந்திருந்தால் அந்தச் சுற்று போய்விட்டது. எல்லாச் சான்றையும் இருபுறமும் ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவிலும், உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பியும் வையுங்கள். அசலை பிளாஸ்டிக் உறைபோட்டு, வெள்ளம் ஏறாத உயரத்தில் பரணில் வைக்க வேண்டும். சான்றிதழ் மேல் லேமினேஷன் மட்டும் போடாதீர்கள், பின்பக்க முத்திரையைச் சரிபார்க்க முடியாமல் போகும்.